ஐம்பது வரைக்கும்

— எந்தப் பக்கம் ஒருக்களிச்சுப் படுத்தா உங்களுக்குத் தூக்கம் வரும்மா?

— இடது பக்கம், டாக்டர். இவளுக்கு எப்பவும் இடது பக்கம்தான். அப்புறம்?

— சார், நான் உங்க மனைவியைக் கேட்டேன்.

— நான் சொல்றேன் கேளுங்க டாக்டர், ரெண்டும் ஒண்ணுதான். நான் வீட்டுத் தரகன், பேசியே பிழைக்கறவன். இவ வாயைத் திறக்கறதுக்குள்ள பொழுது சாஞ்சிடும். எட்டு மாசமா அலையறோம். கண் டாக்டர், தொண்டை டாக்டர், மனசு டாக்டர், ஒருத்தர் பாக்கி இல்ல. எல்லாம் நல்லாத்தான் இருக்குங்கறாங்க. கடைசியா உங்க ஹோமியோபதி உருண்டையையும் பார்த்துடலாம்னு வந்தோம்.

— உருண்டை எங்கயும் ஓடிப் போகாது. நான் கேட்கற வரைக்கும் நீங்க கொஞ்சம் பேசாம இருங்க. நீங்க சொல்லுங்கம்மா, என்ன வேலை பார்க்கறீங்க?

— குழாய் உடைஞ்சா, தண்ணி வரலைன்னா ஜனங்க போன் பண்ணுவாங்க இல்ல, அந்தப் போனை எடுக்கறது நான்தான். காலையில நல்லாத்தான் பேசுவேன். மத்தியானத்துக்கு மேல நாக்கு குழறும். ஒரு கண்ணு தானா மூடிக்கும். போன வாரம் யாரோ ஒரு அம்மா, நான் குடிச்சுட்டுப் பேசறேன்னு புகார் குடுத்துட்டாங்க. திங்கக்கிழமைக்குள்ள பதில் எழுதித் தரணும். இல்லைன்னா வேலை போயிடும், டாக்டர்.

— இவளா குடிக்கறவ! இருமல் மருந்து குடிச்சாலே தலை சுத்துதும்பா டாக்டர்!

— சார்.

— சரி சரி. வாயை மூடிட்டேன்.

— சாப்பாடு எப்படிம்மா?

— முதல் நாலு வாய் மென்னுடுவேன். அப்புறம் தாடை ஓய்ஞ்சு போயிடும், கையால தாங்கிக்குவேன். தலை வாரக் கையைத் தூக்கினா பாதியில விழுந்துடும். தூங்கி எழுந்தா சரியாயிடுது. கொஞ்ச நேரத்துல பழைய கதைதான். எல்லாரும் சோம்பேறிங்கறாங்க. நானும் அப்படித்தான் போலன்னு விட்டுட்டேன். போராட முடியல டாக்டர்.

— சத்தமா ஐம்பது வரைக்கும் எண்ணுங்க. நிதானமா.

— எண்ணணுமா? ஒண்ணு, ரெண்டு, மூணு, நாலு… இருபத்தெட்டு, இருபத்தொம்பது, முப்பது, மும்மத்தொண்ணு, மும்மத்தி… மும்…

— ஏய், டாக்டர் முன்னாடி என்ன விளையாட்டு? ஒழுங்கா எண்ணு.

— விளையாட்டு இல்ல சார். அந்த இமையைப் பாருங்க, எண்ண எண்ண இறங்கிட்டே வந்துச்சு. போதும்மா. சாஞ்சு உக்காருங்க, ஒண்ணும் பேச வேண்டாம். சார், இது மயஸ்தீனியாங்கற தசைச் சோர்வு நோய் மாதிரி இருக்கு. மூளை சொல்றதை நரம்பு சரியாத்தான் கொண்டு போகுது. தசை அதை வாங்கற இடத்துல நம்ம உடம்போட நோய் எதிர்ப்புக் காவலே நின்னு மறிச்சுடுது. நல்லது பண்றோம்னு நெனச்சுட்டு.

— அப்ப உருண்டையைக் குடுங்க டாக்டர்.

— இமை தொங்கறதுக்கு எங்க புத்தகத்துல மருந்து எழுதியிருக்கு. நானும் பலபேருக்குக் குடுத்திருக்கேன். இதுக்குக் குடுக்க மாட்டேன். இன்னைக்குத் தாடை ஓயுது. நாளைக்கு மூச்சு இழுக்கற தசை ஓய்ஞ்சா என் உருண்டை என்ன பண்ணும்? நேரா பெரிய ஆஸ்பத்திரிக்குப் போய் நரம்பு டாக்டரைப் பாருங்க, கடிதம் தர்றேன். ரத்தம் எடுத்துப் பார்ப்பாங்க. அதுதான்னா மாத்திரை இருக்கு, வேலைக்கும் போகலாம். ஆபீசுக்குக் காட்டற சான்றிதழையும் அவங்ககிட்டயே வாங்கிக்கலாம்.

— அதெப்படி டாக்டர்? மூணு பேரும் பெரிய படிப்பு படிச்சவங்க. ஒருத்தர் கண்ணுலயும் படலையா?

— அவங்க முன்னாடி இவங்க எவ்வளவு நேரம் பேசினாங்க?

— இவ எங்க டாக்டர் பேசினா? பேசினா களைச்சுப் போறாளேன்னு மூணு இடத்துலயும் நான்தானே பேசினேன்.