பார்க்கும் விசை

என் வாக்குமூலத்தை இரண்டு விரலால் தட்டச்சு செய்கிறீர்கள் ஐயா. குறை சொல்லவில்லை. பார்த்துக்கொண்டு சும்மா இருக்க எனக்குக் கை துறுதுறுக்கிறது, அவ்வளவுதான். உங்கள் வேகத்துக்கே நிதானமாகச் சொல்கிறேன்.

கழிவுநீர் ஏற்றும் நிலையத்தில் கணினிகளைப் பார்த்துக்கொள்வது என் வேலை. அங்கே பொத்தான் எதுவும் கிடையாது. கறுப்புத் திரையில் கட்டளையை எழுதி என்டர் தட்டினால் பம்பு ஓடும். வேறொன்றை எழுதினால் நிற்கும். ஒவ்வொரு கட்டளையும் முழ நீளம். ஓர் எழுத்து பிசகினாலும் முதலிலிருந்து எழுத வேண்டும். அதனால் ஒவ்வொரு ஆபரேட்டருக்கும் நான் ஷார்ட்கட் வைத்துக் கொடுத்தேன். ஆல்ட் விசையோடு ஓர் எழுத்தை அழுத்தினால் முழுக் கட்டளையும் தானாக வந்து விழும். அவரவர் கை வாகு பார்த்துத்தான் வைப்பேன். இடக்கைக்காரருக்கு ஒரு மாதிரி, விரல் மடங்காதவருக்கு வேறு மாதிரி.

இதில் எனக்கென்று ஒரு நெறி உண்டு. பம்பு ஓடுகிறதா, நிற்கிறதா என்று பார்க்கும் விசைக்குள் என்டரையும் சேர்த்தே வைப்பேன். பார்ப்பதால் யாருக்கும் கேடில்லை. ஓட்டும் விசைக்குள் என்டர் வைக்க மாட்டேன். கட்டளை திரையில் வந்து நிற்கும். மனிதன் அதைப் படித்துவிட்டுத் தன் கையால் என்டர் தட்ட வேண்டும். இதை யாரும் எனக்குச் சொல்லித் தரவில்லை.

என் தங்கை கணவரை அங்கே சேர்த்துவிட்டது நான்தான். கணினி என்றால் காத தூரம் ஓடுகிறவர், என் விசைகள் கைக்கு வந்தபின் ஆளே மாறிப்போனார். அதிகாரிகள் பின்னால் நின்று, "என்ன வேகம்யா இவருக்கு" என்பார்கள். எனக்கு வரவேண்டிய மேற்பார்வையாளர் பதவி அவருக்குப் போனது. வீட்டில் எல்லோரும் சாப்பிட்டுக்கொண்டிருந்தபோது அவர் சிரித்தபடி, "கவலைப்படாதீங்க மச்சான், இனிமே உங்களை நான் பாத்துக்கறேன்" என்றார். தங்கையும் சிரித்தாள், நானும் சிரித்தேன். எனக்கு வயிறு எரிந்தது, மறைப்பானேன். அந்த வேகம் அவருடையதே இல்லை, என்னுடையது.

அவரைப் பதவியிலிருந்து கீழே கொண்டுவர வேண்டும் என்று முடிவு செய்தேன். சின்னத் தவறென்றால் மெமோ கொடுத்து விட்டுவிடுவார்கள். பம்பு இருக்கும் கழிவுநீர்க் கிணற்றுக்குள் ஓர் ஆள் இருந்தால்தான் காரியம் விசாரணை வரை போகும். ஆத்திரப்படாமல் யோசித்தால் நீங்களும் இங்கேதான் வந்து சேர்வீர்கள்.

பம்பில் துணியோ குப்பையோ சிக்கினால், மெக்கானிக் கிணற்றில் இறங்கிக் கையால் எடுப்பார். அப்போது மெயின் சுவிட்சை அணைத்துப் பூட்ட வேண்டும் என்பது விதி. எங்கள் நிலையத்தில் அந்தப் பூட்டு ஆணியில் தொங்கித் துருப்பிடித்துக் கிடக்கிறது. என் பார்க்கும் விசை வந்தபின் பூட்டு எதற்கு என்று ஆகிவிட்டது. பம்பை நிறுத்திவிட்டு ஆள் இறங்குவார். "கை வெக்கிறேன்" என்று கீழிருந்து குரல் வந்ததும், மேலே இருப்பவர் பம்பு நின்றே இருக்கிறதா என்று அந்த விசையைத் தட்டித் தட்டிப் பார்த்துக்கொண்டிருப்பார். மாப்பிள்ளை இதில் மகா கவனம்.

அன்று மதியம் அவர் சாப்பிடப் போனபோது அவருடைய விசைக் கோப்பைத் திறந்தேன். பார்க்கும் விசைக்குள் ஓட்டும் கட்டளையை வைத்தேன். கடைசியில் என்டரையும் சேர்த்தேன்.

மெக்கானிக் நல்ல மனிதர். தினமும் என்னோடு டீ குடிப்பவர். மகளைக் கணினிப் படிப்பில் சேர்க்கலாமா என்று அன்று காலையில்கூடக் கேட்டார். சேர்க்கலாம் என்றேன். இறங்கும்போது எங்கள் சன்னலை நிமிர்ந்து பார்த்து, "மேல நீங்க ரெண்டு பேரும் இருக்கீங்க, எனக்கென்ன பயம்" என்றார்.

"நான் பாத்துக்கிட்டே இருக்கேண்ணே, நீங்க இறங்குங்க" என்றார் மாப்பிள்ளை.

கீழிருந்து குரல் வந்தது. மாப்பிள்ளை ஒரே ஒருமுறை விசையைத் தட்டிப் பார்த்தார்.

எல்லோரும் கிணற்றுக்கு ஓடினார்கள். நான் ஓடவில்லை; ஓடி ஆகப்போவது என்ன. கோப்பைப் பழையபடி மாற்றிவைத்தேன். கணினி எந்தக் கட்டளை வந்தது என்றுதான் குறித்துவைக்கும், எந்த விசையிலிருந்து வந்தது என்று குறிக்காது.

தங்கை வந்து அழுதாள். "சோறு இறங்க மாட்டேங்குது அண்ணா அவருக்கு. அந்த விரலையே பாத்துக்கிட்டு உக்காந்திருக்காரு. கை தவறிடுச்சு, கை தவறிடுச்சுன்னு அதையேதான் சொல்லிட்டிருக்காரு" என்றாள். தலையைத் தடவி ஆறுதல் சொன்னேன். உண்மையிலேயே பாவமாக இருந்தது.

அதோடு போயிருக்கும். ஆனால் விசாரணைக் குழுவின் அறிக்கையைப் படித்தேன். மாப்பிள்ளைமேல் குற்றமில்லையாம், அதுகூடப் போகட்டும். பார்க்கும் விசையும் ஓட்டும் விசையும் பக்கத்துப் பக்கத்தில் இருந்தனவாம். விசை அமைத்தவரின் கவனக்குறைவாம். எல்லா ஷார்ட்கட்டுகளையும் நீக்கச் சொல்லிவிட்டார்கள். அதைப் படித்த பிறகு எனக்குத் தூக்கமில்லை ஐயா. அவர் விசைப்பலகையில் ஒன்று இந்தக் கோடி, மற்றது அந்தக் கோடி. நான் வைத்த விசை ஒருநாளும் தவறியதில்லை. அன்றும் தவறவில்லை. ஆளைக் கொல்ல வைத்தேன், கொன்றது.

அறிக்கையைப் பார்த்து நீங்களும் மேலே "கவனக்குறைவு" என்று எழுதியிருக்கிறீர்கள். அதை மட்டும் எடுத்துவிடுங்கள். எழுத்து எழுத்தாக அழிக்க வேண்டாம். கன்ட்ரோலை அழுத்திக்கொண்டு அழிக்கும் விசையை ஒரு தட்டுத் தட்டினால் முழுச் சொல்லும் போய்விடும். திரையைப் பார்க்கக்கூடத் தேவையில்லை ஐயா, என்னை நம்பித் தட்டுங்கள்.