பதிவேட்டில் எழுதின ஒரே வார்த்தை

அந்த வார்த்தைதான சார்? அப்ரோர். நான் எழுதினதுதான், என் கையெழுத்துதான். விசாரிக்க வந்திருக்கீங்க, ஒளிக்க என்ன இருக்கு? ஒக்காருங்க. அந்த நாற்காலி ஆடும், சுவரோரமா இழுத்துப் போட்டுக்கங்க.

அர்த்தமா? கூச்சல் சார். பல பேர் சேந்து போடற கூச்சல். ஒருத்தர் மட்டும் கத்தினா அந்த வார்த்தை போடக்கூடாது. நான் இந்தக் கம்பெனில வாட்ச்மேனா சேந்த புதுசுல, தையல் ஹால்ல ஃபேன் ஓடலன்னு கத்தறாங்க, தண்ணி வரலன்னு கத்தறாங்கன்னு விலாவாரியா எழுதுவேன். மேனேஜர் கூப்பிட்டு, இவ்வளவு கதைய யாருய்யா படிக்கறது, ஒத்த வார்த்தைல எழுதுன்னாரு. அவரே டிக்ஷனரியப் பொரட்டிக் காட்டினாரு. வார்த்தையக் குத்தம் சொல்லக்கூடாது சார். சௌகரியமான வார்த்தை. யாரு கத்தினா, என்ன சொல்லிக் கத்தினான்னு எதுவுமே எழுத வேணாம்.

அத எழுதிட்டா கால் மணி நேரம் ஹால் கதவத் தொறக்கக்கூடாது. தொறந்தா மொத்தப் பேரும் மேனேஜர் ரூம் முன்னாடி வந்து நின்னுடுவாங்களாம். பூட்டு வெளிப்பக்கம், சாவி எங்கிட்ட. கொஞ்ச நேரத்துல தானா அடங்கிடும். மூணு வருஷமா அப்படித்தான் அடங்கிட்டு இருந்துச்சு.

அன்னிக்கும் அப்படித்தான். காலைல பதினொண்ணு பத்து, பாருங்க, நேரமெல்லாம் கரெக்டா போட்டிருக்கேன். சத்தம் கேட்டுது, எழுதினேன், பேனாவ மூடினேன். புகையா? இந்த ஜன்னல் ரோட்டுப் பக்கம் சார், தெரியல. மிஷின் எரைச்சல்ல என்ன பேசறாங்கன்னு புரியாது... இல்ல, அது பொய். மிஷினெல்லாம் நின்னுபோச்சு. காது குடுத்திருந்தா நல்லாவே கேட்டிருக்கும். நான் குடுக்கல. பழகிப்போச்சு.

பொழச்சு வந்தவங்க சொல்றாங்க, மொதல்ல அயர்ன் டேபிள்ட்ட தீ, தீன்னுதான் கத்தினாங்களாம். அப்பறம் கதவு கதவுன்னு. கடைசில சாவிக்காரரேன்னு. இங்க எனக்கு அதான் பேரு. பன்னெண்டு நிமிஷம் கத்தியிருக்காங்க. அப்பறம் அடங்கிடுச்சு. அடங்கிடுச்சுன்னு பக்கத்துலயே எழுதியிருக்கேன், பாருங்க. அதுவும் இங்கிலீஷ்லதான். அப்பறம்தான் சார் சாவிய எடுத்துட்டுப் போனேன்.

தண்ணியெல்லாம் வேணாம் சார், இருக்கட்டும். நாலு நாளா தூக்கமில்ல, அவ்வளவுதான். எங்க கையெழுத்து போடணும்? வாக்குமூலத்துக்குக் கீழயா, சரி. அடுத்த பக்கம் எறந்தவங்க லிஸ்ட்டு இல்ல? அதையும் இப்படித் தள்ளுங்க. நாலாவது பேருக்கு நேரா, உறவுன்னு ஒரு கட்டம் காலியா இருக்கு பாருங்க, அங்கயும் நான்தான் போடணும். கணவர்னு எழுதிக்கங்க.

வீட்ல அவ சத்தம் போட்டுப் பேசினதே இல்ல சார். அவ கத்தினா எப்படி இருக்கும்னு எனக்குத் தெரியாது.