கங்காவின் பத்தியம்

துவாதசியன்று எங்கள் வீட்டில் அகத்திக்கீரை இல்லாமல் இலை போடமாட்டார்கள். நேற்று ஏகாதசி, முழுப் பட்டினி. அதனால் இன்று காலையிலேயே சாப்பாட்டை முடித்துவிட்டேன். நீங்கள் விசாரணைக்காகச் சென்னையிலிருந்து முதல் பஸ்ஸைப் பிடித்து வந்திருக்கிறீர்கள், வயிறு காய்ந்திருக்கும். என் மனைவி ரமாமணி காபி கொண்டுவருவாள், குடித்துக்கொண்டே கேளுங்கள். நான் எங்கும் ஓடிவிடப் போவதில்லை.

கீரையைப் பற்றிச் சும்மா சொல்லவில்லை. சின்னக் காஞ்சிபுரத்தில் எங்கள் தெருக் குழந்தைகள் யாருக்கும் மாலைக்கண் வந்து நான் பார்த்ததில்லை. எனக்கு ஐம்பத்தாறு வயதாகிறது. விளக்கு வைக்கிற நேரத்தில் சந்நிதித் தெருவில் எதிரே வருகிறவர் யாரென்று தூரத்திலேயே சொல்லிவிடுவேன். வைத்தியம் படித்த பிறகுதான் அந்தக் கீரைக்குள் கண்ணைக் காப்பாற்றுவது எது என்று தெரிந்துகொண்டேன். ஆக, எனக்கு எல்லாம் தெரிந்திருந்தது. அதை முதலிலேயே சொல்லிவிடுகிறேன். டாக்டர் யதிராஜன் தெரியாமல் செய்துவிட்டார் என்று நீங்கள் எழுதிவிடக் கூடாது.

நீங்கள் கையில் வைத்திருக்கும் மருத்துவப் புத்தகத்தைப் பிரித்துக் காட்ட வேண்டியதில்லை. அந்தப் பக்கத்தில் வரிசையாக இருக்கும் கண் படங்கள் எல்லாம் நான் எடுத்தவை. எல்லாம் ஒரே குழந்தையின் கண்தான். பெயர் கங்கையம்மாள், வீட்டில் கங்கா என்று கூப்பிடுவார்கள். முசரவாக்கத்துத் தர்மனின் பெண். அப்போது நாலு வயது.

முசரவாக்கத்துக்கு நான் போனது எழுபதாம் வருஷம். அதற்குச் சற்று முன்னால்தான் அந்தப் பக்கம் குட்டை ரக நெல் வந்திருந்தது. விளைச்சல் அமோகம். பூச்சிமருந்து அடித்த வயலில் கீரை பறிக்க வேண்டாமென்று விவசாய அதிகாரி சொல்லியிருந்தார், அவர் சொன்னதும் நியாயம்தான். வரப்பில் தானாக முளைக்கும் பொன்னாங்கண்ணி சட்டிக்கு வருவது நின்றுபோயிற்று. கிணற்றடியில் அகத்திமரம் இருந்தது, தழையை ஒடித்து மாட்டுக்குப் போட்டார்கள். வீடு நிறைய நெல் இருந்தது. குழந்தைகள் மட்டும் பொழுது சாய்ந்தால் வாசற்படி தடுக்கி விழ ஆரம்பித்தார்கள்.

எங்கள் ஆராய்ச்சி சுலபமானது. ஆறு மாதத்துக்கு ஒருமுறை குழந்தைக்கு ஒரு கரண்டி எண்ணெய். சிவப்பு மூடி சீசாவில் இருப்பது வைட்டமின் கரைத்த எண்ணெய். பச்சை மூடி சீசாவில் இருப்பது வெறும் எண்ணெய். ஊரில் பாதிப் பிள்ளைகளுக்கு இது, பாதிக்கு அது. இப்படிப் பிரித்துப் பார்த்தால்தான் மருந்து வேலை செய்கிறது என்று உலகம் நம்பும். இதில் தவறில்லை, உங்கள் விசாரணைக் குழுவும் இதை ஒப்புக்கொள்ளும். வெறும் எண்ணெய்ப் பிள்ளைக்குக் கண் மங்கத் தொடங்கினால் உடனே சிவப்பு மூடியைக் கொடுத்துவிட வேண்டும் என்று விதி வைத்திருந்தோம். அந்த விதியை எழுதியதும் நான்தான். முதலில் மங்கிய இரண்டு பிள்ளைகளுக்கு நானே கொடுத்தேன். ஒரு வாரத்துக்குள் அந்தி வெளிச்சத்தில் கோலி விளையாடினார்கள்.

எண்ணெய் கொடுக்க ஆரம்பித்த நாளில்தான் கங்காவின் தாய் செல்லியம்மாளை முதலில் பார்த்தேன். குழந்தையை இடுப்பில் வைத்துக்கொண்டு வந்தாள். கரண்டியை வாயருகே கொண்டுபோனேன். ஒரு அடி பின்னால் நகர்ந்துகொண்டாள்.

"பத்தியம் இன்னா சாமி?"

பத்தியம் ஒன்றும் கிடையாது என்றேன். அவளுக்கு முகம் விழுந்துவிட்டது.

"பத்தியம் இல்லாத மருந்து இன்னா மருந்து சாமி? அது வெறும் எண்ணெ மாதிரிதானே?"

அவள் பிள்ளைக்கு விழுந்தது பச்சை மூடி. அந்த ஊரிலேயே உண்மையைச் சொன்னவள் அவள் ஒருத்திதான், சொன்னது அவளுக்கே தெரியாது. பின்னால் வரிசையில் நின்ற பெண்களும் பிள்ளைகளை இழுத்துக்கொண்டு கலையத் தொடங்கினார்கள். நாட்டு வைத்தியர் கொடுக்கும் சூரணத்துக்குக்கூடப் புளி ஆகாது, கத்தரிக்காய் ஆகாது என்று இருக்கும். டாக்டர் மருந்துக்கு ஒன்றுமே இல்லையென்றால் எப்படி நம்புவது? எனவே நான் பத்தியம் சொன்னேன். மருந்து சாப்பிடுகிற பிள்ளைக்கு ஈரல் ஆகாது, முட்டை ஆகாது, கீரை ஆகாது. அவள் மனம் நிறைந்து குழந்தையின் வாயைத் திறந்தாள். மற்றவர்களும் திரும்பி வந்தார்கள்.

வாய்க்கு வந்ததைச் சொல்லிவைத்தேன் என்று எங்கள் நர்ஸ் சூடாமணியிடம் அன்றைக்குச் சிரித்துக்கொண்டே சொன்னேன். அது உண்மையில்லை. கண்ணுக்கு வேண்டியது எதிலெல்லாம் இருக்கிறதோ, அவற்றைத்தான் பொறுக்கிச் சொன்னேன். வெறும் எண்ணெய்ப் பிள்ளைகள் ஈரலையும் கீரையையும் தின்று தேறிவிட்டால் ஆராய்ச்சி கலங்கிவிடும். அப்படித்தான் அப்போது நினைத்தேன். இன்றைக்கும் அதில் ஒரு நியாயம் இருப்பதாகவே படுகிறது.

காபி ஆறுகிறது. குடியுங்கள்.

கங்கா வாயாடிக் குழந்தை. ஜீப் சத்தம் கேட்டாலே ஓடிவந்து கேமராப் பையைத் தான்தான் தூக்குவேன் என்று அடம்பிடிப்பாள். பொழுது சாய்ந்தால் கன்றுக்குட்டியின் வாலைப் பிடித்துக்கொண்டு வீடுவந்து சேர்வாள். விளையாட்டு என்று வீட்டில் நினைத்தார்கள். நான் ஒருநாள் அந்தியில் அவள் முன்னால் ஒரு வாழைப்பழத்தை நீட்டினேன். கை பக்கத்தில் எங்கேயோ துழாவியது. மறுநாள் பகலில் இமையை விலக்கிப் பார்த்தேன். கருவிழிக்குப் பக்கத்தில் சோப்பு நுரை போலச் சின்ன வெள்ளைத் திட்டு. ஒரு படம் எடுத்தேன். மிக நன்றாக வந்திருந்தது.

அப்போதுதான் எனக்கு அந்த எண்ணம் வந்தது. மருத்துவப் புத்தகங்களில் இந்த நோய்க்குப் படங்கள் உண்டு. ஆனால் ஒவ்வொரு படமும் ஒவ்வொரு பிள்ளையுடையது. எங்கேயோ ஒரு பிள்ளையின் ஆரம்பம், வேறு எங்கேயோ ஒரு பிள்ளையின் முடிவு. ஒரே கண்ணை ஆரம்பம் முதல் கடைசிவரை ஒருவரும் படம் பிடித்ததில்லை. பிடிக்க முடியாது, ஏனென்றால் நோய் தெரிந்ததும் டாக்டர்கள் மருந்து கொடுத்துவிடுகிறார்கள்.

விதிப்படி அன்றே சிவப்பு மூடியைத் திறந்திருக்க வேண்டும். சீசா என் பையில்தான் இருந்தது. அடுத்த தடவை பார்த்துக்கொள்ளலாம் என்று ஜீப்பில் ஏறினேன். கெடுதல் செய்கிறோம் என்று ஒரு கணம்கூடத் தோன்றவில்லை. ஒரு வேலையைத் தள்ளிப்போடுவது போலத்தான் இருந்தது.

இன்னொன்றையும் மறைக்கப் போவதில்லை. அதற்குள் ஆராய்ச்சியின் முடிவு தெரிந்துவிட்டது. சிவப்பு மூடிப் பிள்ளைகளில் ஒருவருக்கும் கண் மங்கவில்லை. கங்காவின் கண்ணால் ஆராய்ச்சிக்குக் கூடப்போவது எதுவும் இல்லை. படங்களுக்கு மட்டும்தான் அது தேவைப்பட்டது.

ஆடி மாதம் வந்தது. பொன்னியம்மனுக்குக் கூழ் ஊற்றி ஆடு வெட்டுவார்கள். மாலைக்கண் உள்ள பிள்ளைக்கு அந்த ஆட்டின் ஈரலை வாட்டிக் கொடுப்பது அவர்கள் வழக்கம். நான் படித்த கல்லூரிக்கும் முந்தைய வைத்தியம் அது, மிகச் சரியான வைத்தியம். செல்லியம்மாள் ஈரலுக்குச் சொல்லிவைத்துவிட்டு என்னிடம் கேட்க வந்தாள். ரமாமணியிடம் கொடுக்கச் சொல்லி ஒரு பூசணிக்காயையும் தூக்கி வந்திருந்தாள்.

"அம்மன் குடுக்கிற ஈரலு சாமி. ஒரே ஒரு வேளை. குடுக்கட்டுமா?"

அவள் முகத்தைப் பார்க்காமல் கேமராவைத் துடைத்துக்கொண்டிருந்தேன் என்பது நினைவிருக்கிறது. மருந்து உடம்பில் இருக்கும்போது ஈரல் சேர்ந்தால் விஷமாகிவிடும் என்றேன்.  தனக்கு ஒதுக்கிய ஈரலைப் பக்கத்து வீட்டு எல்லம்மாளின் மகனுக்குக் கொடுக்கச் சொல்லிவிட்டாள். அந்தப் பையன் எங்கள் ஆராய்ச்சியில் சேராதவன். இப்போது செவிலிமேடு டவுன் பஸ்ஸில் கண்டக்டருக்கு உதவியாக டிக்கெட் கிழிக்கிறானாம். கண் நன்றாகத் தெரிகிறது.

சூடாமணி இதையெல்லாம் பார்த்துக்கொண்டுதான் இருந்தாள். எந்த மூடியில் மருந்து என்று அவளுக்குத் தெரிந்துபோய் நாளாகியிருந்தது. உங்களுக்குக் கடிதம் எழுதியது அவளாகத்தான் இருக்க வேண்டும். அவள்மீது எனக்குக் கோபமில்லை. இத்தனை வருஷம் ஏன் எழுதவில்லை என்றுதான் யோசிக்கிறேன்.

புரட்டாசியில் கங்காவுக்கு மணல்வாரி அம்மை போட்டது. மணல்வாரிக்குப் பிறகு இந்த நோய் காற்றாய்ப் பறக்கும் என்பது மருத்துவ மாணவனுக்குக்கூடத் தெரியும். நான் தினமும் போனேன். வெள்ளைக்காரன் ஊரிலிருந்து தருவித்த கலர் பிலிம் கைவசம் இருந்தது. கருவிழி பளபளப்பை இழந்து மங்கிய நாளில் ஒரு படம். தேய்த்த கண்ணாடி போல வறண்ட நாளில் ஒரு படம். கங்கா வெளிச்சம் கூசி அழுதாள். ஆனாலும் நான் சொன்னால் இமையை அசைக்காமல் இருப்பாள். அவளுக்கு என்னைப் பிடிக்கும்.

கருவிழி வறண்ட அன்றைக்குத்தான் சூடாமணி என் பையைத் தானே திறந்து, சிவப்பு மூடி சீசாவிலிருந்து கரண்டியில் ஊற்றிக்கொண்டு வந்தாள். 

"ஒரு ஸ்பூன் சார். இப்பக் குடுத்தாக்கூடப் பார்வை நிக்கும். நீங்க பார்க்க வேண்டாம், நான் குடுத்துடறேன்."

அவள் கையிலிருந்து கரண்டியை வாங்கி எண்ணெயைத் திரும்பவும் சீசாவில் விட்டேன். ஒரு சொட்டுக்கூடச் சிந்தவில்லை. பலாத்காரம் எதுவும் நடக்கவில்லை. செல்லியம்மாள் எங்களையே பார்த்துக்கொண்டு நின்றாள். டாக்டர் செய்தால் சரியாகத்தான் இருக்கும் என்று நின்றாள். மறுநாளிலிருந்து சூடாமணி வேலைக்கு வரவில்லை.

அதற்குப் பிறகு கருவிழி கரைந்தது. நீங்கள் டாக்டரில்லை என்பதால் விவரிக்கவில்லை, கடைசிப் படத்தைப் பார்த்தாலே போதும். அந்தப் படத்தை எடுத்த கையோடு நான் சிவப்பு மூடி எண்ணெயைக் கொடுத்தேன். தயவுசெய்து இதைக் குறித்துக்கொள்ளுங்கள். கொடுக்காமல் விட்டிருந்தால் குழந்தையே போயிருக்கும். அவள் உயிரைக் காப்பாற்றியது நான்.

நீங்கள் கேட்கிற வார்த்தையிலேயே சொல்லிவிடுகிறேன். கங்கையம்மாளின் இரண்டு கண்களையும் நான்தான் போக்கினேன். மருந்து கையில் இருந்தும் கொடுக்கவில்லை. கொடுக்க வந்தவளைத் தடுத்தேன். தாய் கொடுக்கவிருந்த ஈரலையும் நிறுத்தினேன். எல்லாம் தெரிந்தே செய்தேன்.

அந்தப் படங்கள் இன்றைக்கு எத்தனை கல்லூரிகளில் இருக்கின்றன தெரியுமா? எந்தக் கிராமத்து டாக்டரும் முதல் படத்தைப் பார்த்ததும் மருந்து சீசாவைத் தேடுகிறான். படத்தில் முகம் தெரியாது, பெயர் கிடையாது. அவள் மானத்தை நான் பத்திரமாகக் காப்பாற்றியிருக்கிறேன். கங்கா இப்போது ஒரு தறிக்காரர் வீட்டில் பட்டு நூலைத் தாராகச் சுற்றுகிறாள். அறுந்த இழையை விரலாலேயே கண்டுபிடித்து முடிச்சுப் போடுகிறாளாம். நன்றாக இருக்கிறாள் என்றுதான் சொல்லவேண்டும். ரமாமணிக்கு இதெல்லாம் தெரியாது. இன்று காலை இலையில் கீரையை அப்படியே வைத்துவிட்டேன். உப்பு கூடிவிட்டது என்று சொன்னேன்.

போன தையில் செல்லியம்மாள் இங்கே வந்தாள். நீங்கள் உட்கார்ந்திருக்கும் நாற்காலிக்குப் பக்கத்தில் தரையில் உட்கார்ந்தாள். பெண்ணுக்குக் கண் இருந்தபோது எடுத்த படம் ஒன்று வேண்டும், முகம் முழுசாகத் தெரிகிற மாதிரி, என்று கேட்டாள். அப்படி ஒரு படம் நான் எடுக்கவேயில்லை. இல்லை என்றேன். எழுந்து போவாள் என்று பார்த்தேன், போகவில்லை. முந்தானையை வாயில் பொத்திக்கொண்டாள்.

"ஒரு தப்பு பண்ணிட்டேன் சாமி. ஏழு வருசமா நெஞ்சுல வச்சிக்கினு இருக்கிறேன். கூழ் ஊத்தின அன்னிக்கு எல்லம்மா வூட்ல ஈரல் வாட்டிக்கினு இருந்தாங்க. வாசனைக்கு இவ ஒரே அழுகை. மனசு கேக்கல. வெரல் நுனி அளவு கிள்ளி வாயில வச்சிட்டேன். பத்தியத்த மீறினது நான்தான் சாமி. அதனாலதான் என் பொண்ணுக்குக் கண்ணு போச்சி."

எனக்கு அப்போதுதான் ஒரு விஷயம் விளங்கியது. முதல் படத்துக்கும் இரண்டாவது படத்துக்கும் நடுவில் கொஞ்ச நாள் அந்த வெள்ளைத் திட்டு பரவாமல் நின்றிருந்தது. காரணம் தெரியாமல் வருஷக்கணக்கில் மண்டையை உடைத்துக்கொண்டிருந்தேன்.

அவள் காலில் விழ வந்தாள், தடுத்துவிட்டேன். வேறு டாக்டராக இருந்தால் கன்னாபின்னாவென்று திட்டியிருப்பார். நான் ஒரு கடுஞ்சொல் சொல்லவில்லை. பெற்ற மனசு, என்ன செய்வாய், நடந்தது நடந்துபோயிற்று, நான் மன்னித்துவிட்டேன் என்று சொல்லி அனுப்பிவைத்தேன். உங்கள் அறிக்கையில் இதையும் சேர்த்துக்கொள்ளுங்கள். அந்த அம்மாள்மீது இன்றுவரை எனக்கு ஒரு வருத்தமும் கிடையாது.