சாய் கிருஷ்ணாவின் சிவப்புப் படகு

மணி மூன்று ஐம்பது. வங்காளத்தில், நாம்கானா தாண்டி பக்காலிக் கடற்கரைக்குப் போகிற ரோடு. ஜனவரிப் பனி... ஹெட்லைட் போட்டால் பத்தடிக்கு அப்பால் வெள்ளைச் சுவர். ஒரே ஒரு கார். உள்ளே ஒரே ஆள். கூரை மேல் பதினேழு அடி நீளத்தில் ஒரு சிவப்புப் படகு. இரண்டு நாடா போட்டு இறுக்கிக் கட்டியிருக்கிறது.

ஓட்டத்தில் நாடா உறுமும். படகு கட்டிக்கொண்டு போகிறவர்களுக்கு அந்தச் சத்தம் பழக்கம். வேகம் கூடினால் உறுமல் கூடும், குறைந்தால் குறையும். அந்த ஆள் மூத்திரம் போக வண்டியை ஓரங்கட்டினான். எஞ்சினை அணைத்தான். இறங்கினான். இலை அசையவில்லை.

நாடா உறுமிக்கொண்டே இருந்தது.

கொஞ்சம் கிட்டே வந்து உட்காருங்கள். உரக்கச் சொல்ல முடியாது, கீழே வீட்டுக்கார காகிமா தூங்குகிறார். வெளியே லேக் கார்டன்ஸ் முழுக்க முழங்கால் அளவு மழைத் தண்ணீர். எப்படியும் இன்றைக்கு யாரும் வீட்டுக்குப் போகப் போவதில்லை. கரண்ட் வரும்போது வரட்டும்.

இதை எனக்குச் சொன்னவன் ஜெயந்த். செக்டார் ஃபைவ் ஆபீஸில், நைட் ஷிஃப்டில் என் பக்கத்து சீட். நான் வேலையை விட்டேன், அவன் விடவில்லை. காரில் இருந்தது அவன் பெரியம்மா மகன் அனந்த். ஜெயந்துக்குப் பொய் சொல்ல வராது, கற்பனை கிடையாது.

அனந்துக்கு முப்பத்தைந்து வயது. குள்ளம். இன்ஷூரன்ஸ் ஆபீஸில் வேலை. கடலில் கயாக் என்கிற ஒற்றை ஆள் துடுப்புப் படகு ஓட்டுகிற கிளப் ஒன்றில் இரண்டு வருடமாக இருந்தான். இருபது பேர் இருக்கும். டயமண்ட் ஹார்பருக்கு முன்னால் ஆற்றோரம் ஒரு தகரக் கொட்டகை, அதில்தான் எல்லாருடைய படகும். வாரம் ஒரு நாள் ஆற்றில் பயிற்சி. குளிர்காலத்தில் கடல். கடலில் வரிசை உண்டு. முதல் படகுதான் வழி பார்க்கும், மற்றவர்கள் அதன் பின்னால். யார் முதல் படகு என்று சஹானா முடிவு செய்வாள். கிளப்பை நடத்துகிறவள் அவள்தான்.

இரண்டு வருடமும் முதல் படகு சாய் கிருஷ்ணா. போர்ட்டில் இன்ஜினியர். ஆறடிக்கு மேல் உயரம். ஊரை விட்டுப் போன ஒரு வெள்ளைக்காரனிடம் செகண்ட் ஹேண்டில் வாங்கிய சிவப்புப் படகு, கத்தி மாதிரி போகும். அனந்திடம் இருந்தது தடித்த பிளாஸ்டிக் தொட்டி. எல்லா டிரிப்பிலும் அவன் கடைசி. மற்றவர்கள் அடுப்பு மூட்டி, டீ போட்டுக் குடித்து முடித்த பிறகுதான் கரை சேருவான். சாய் கிருஷ்ணா ஏலக்காய் மென்றுகொண்டு மணலில் படுத்திருப்பான். யாரையும் கேலி செய்ய மாட்டான். அதுதான் அனந்துக்கு இன்னும் எரிச்சல்.

போன நவம்பரில் சாய் கிருஷ்ணா செத்துப்போனான். கடலில் இல்லை. டெங்கு. ஆஸ்பத்திரியில் ஐந்தே நாள்.

அனந்தும் சுடுகாட்டுக்குப் போனான், அழுதான். திரும்பி வரும்போது காரில் ஜெயந்திடம் கேட்டான்: "அந்த போட்டை என்னடா பண்ணுவாங்க?"

மூன்று வாரம் பொறுத்தான். பிறகு கிதிர்ப்பூரில் போர்ட் குவார்ட்டர்ஸுக்குப் போனான், ஜெயந்தையும் கூட்டிக்கொண்டு. டிரான்ஸ்ஃபர் ஆகிறவர்கள் செய்கிற மாதிரி கதவில் விற்கிற சாமான் பட்டியல் ஒன்று ஒட்டியிருந்தது. ஃபிரிட்ஜ், இரும்புக் கட்டில், சைக்கிள், படகு. மகன் போன பிறகு குவார்ட்டர்ஸைக் காலி செய்ய வேண்டும். அப்பா பத்மநாபன் திருச்சிக்குத் திரும்புகிற ஏற்பாட்டில் இருந்தார்.

"எடுத்துக்கோங்க தம்பி. கொட்டகையிலதான் கிடக்கு, பதினேழு அடின்னதும் லாரிக்காரன் ஏத்த மாட்டேன்னுட்டான். துடுப்பு, ஜாக்கெட், தண்ணி உள்ள வராம இடுப்புல கட்டுற ரப்பர் பாவாடை, எல்லாம் இருக்கு. விலையை நீங்களே சொல்லுங்க."

அம்மா வசுமதி உள்ளேயிருந்து வந்தார். "நீங்க கிளப்பா? அர்ஜுனனா... பேரு என்ன?"

"அனந்த்."

அவர் யோசித்தார். "சொன்னதில்லையே. எல்லாரைப் பத்தியும் சொல்லுவான்."

"ரெண்டு வருஷமா கூடவே போறேன், மாமி."

"அப்படியா. சொன்னதில்லை."

ஜெயந்த் சொன்னான், அண்ணன் அதற்குப் பிறகு, நினைத்து வந்த விலையில் பாதியைத்தான் சொன்னான் என்று. அவர்கள் கொடுத்துவிட்டார்கள்.

செகண்ட் ஹேண்டில் கயாக் வாங்கினால் முதலில் செய்கிற வேலை ஒன்று உண்டு. உள்ளே கால் நீட்டுகிற இடத்தில், இரண்டு பக்கமும் ஒரு பட்டை. பட்டையில் பத்துப் பல். அதில் மாட்டிய பெடலில் பாதத்தை ஊன்றித்தான் துடுப்புப் போட முடியும். உயரத்துக்குத் தக்கபடி பல்லை மாற்றிக்கொள்ள வேண்டும். சாய் கிருஷ்ணாவின் பெடல் ஒன்பதாவது பல்லில் இருந்தது. அனந்துக்கு நான்கு.

உப்பேறி இறுகிப் போயிருந்தது. தேங்காயெண்ணெய் விட்டு, குறடு போட்டுப் பிடித்து இழுத்தான். டிக்... டிக்... ஐந்து பல். இரண்டு பக்கமும். உள்ளே தலையை விட்டபோது ரப்பர் புளித்த நாற்றம், நடுவே ஏலக்காய்.

அடுத்த ஞாயிறு ஆற்றங்கரையில் ஏறி உட்கார்ந்து காலை நீட்டினான். பெடல் எட்டவில்லை. குனிந்து பார்த்தான். ஒன்பது.

கொட்டகைக் காவல்காரர் மேல் சந்தேகம். "காகு, என் போட்டைத் தொட்டீங்களா?" என்று வங்காளத்தில் கேட்டான். பீடியை எடுக்காமலே அவர் தலையாட்டினார், இல்லை என்று. "என் வயசுக்கு நான் அதுக்குள்ள பூந்தா, வெளியே எடுக்க நாலு பேர் வேணும்."

மறுபடி நான்குக்குக் கொண்டுவந்தான். இந்த முறை பெடலையும் பட்டையையும் சேர்த்து, வயர் கட்டுகிற பிளாஸ்டிக் டை போட்டுக் கட்டினான். பக்கத்துக்கு மூன்று.

அடுத்த ஞாயிறு ஆறு டையும் நான்காவது பல்லில் அப்படியே இருந்தன. வெட்டவில்லை, அறுபடவில்லை. வெறும் பட்டையைக் கட்டிக்கொண்டு இருந்தன. பெடல் ஒன்பதில்.

என்ன சுந்தர்? "போட்டை வித்துட்டுப் போக வேண்டியதுதானே" என்கிறாயா? நீயும் நானும் விற்போம். அவன் யாரிடமும் சொல்லக்கூட இல்லை. சொன்னால் சஹானா அந்தப் படகை எடுக்க விடமாட்டாள். மௌசுனி தீவுக்கு ஜனவரியில் டிரிப். டிசம்பர் கடைசியில் ஆற்றில் இருபது கிலோமீட்டர் பந்தயம், அதில் முதலாக வருகிறவன் மௌசுனிக்கு முதல் படகு. இரண்டு வருடமாக அவன் கேட்டது அந்த ஒரு இடம்தான்.

அதனால் அவன் என்ன செய்தான் தெரியுமா? கரியாஹாட்டில் மெத்தைக் கடைக்குப் போய் கெட்டி ஃபோம் வாங்கினான். பாதத்துக்கும் பெடலுக்கும் இடையே எவ்வளவு இடைவெளியோ அந்த அளவுக்கு இரண்டு கட்டை வெட்டிச் சொருகினான். பெடல் சாய் கிருஷ்ணாவின் இடத்திலேயே இருக்கட்டும் என்று விட்டுவிட்டான்.

பந்தயத்தில் படகு பறந்தது. இரண்டாவதாக வந்த அர்ஜுனனுக்கு முன்னால் நானூறு மீட்டர். அனந்த் கரையில் இறங்கி நின்றான், யாராவது ஏதாவது சொல்வார்கள் என்று. சஹானா வந்தாள். அவள் கண் கலங்கியிருந்தது.

"அனந்த்-தா, ஏக்தோம், அப்படியே சாய் மாதிரி. பின்னாடியிருந்து பார்த்தா அந்தத் தோள், அந்த ஸ்ட்ரோக்... கொஞ்ச நேரம் மறந்தே போயிட்டேன்."

அர்ஜுனன், "சாயே ஜெயிச்ச மாதிரி இருக்கு" என்றான்.

அன்று ராத்திரி அனந்த் ஜெயந்துக்கு போன் செய்தான். வாழ்த்து கேட்க இல்லை. "துடுப்பு போட்டது நான். கை வலிக்கிறது எனக்கு. செத்தவனுக்கு எதுக்குடா கைதட்டறாங்க?"

இனி மௌசுனி. ரோட்டில் நாடா உறுமியது என்றேனே, அன்று காலை. அனந்த் நாடாவை உள்ளங்கையால் அழுத்திப் பிடித்தான், நின்றது. கையை எடுத்தான், மறுபடி உறுமியது. அவன் வண்டியில் ஏறி கதவைச் சாத்திக்கொண்டு ஓட்டினான். பக்காலி வரை ரேடியோவைச் சத்தமாக வைத்திருந்தானாம்.

ஆறு மணிக்கு ஏழு படகு கடலில் இறங்கியது. பனி விலகவில்லை, ஆனால் நீர் இறங்குகிற நேரத்தை விட்டால் மத்தியானம் வரை காத்திருக்க வேண்டும். பனியில் போவதற்கு அவர்களிடம் ஒரு முறை உண்டு. முதல் படகு ஐந்து நிமிடத்துக்கு ஒரு தடவை ஒரு நீள விசில் ஊதும். பின்னால் இருக்கிறவர்கள் வரிசைப்படி ஒரு குட்டை விசில். ஆறு பதில் வந்தால் எல்லாரும் இருக்கிறார்கள். முதல் படகுக்கும் முன்னால் எங்கேயாவது விசில் கேட்டால், யாராக இருந்தாலும் சரி, உடனே நிற்க வேண்டும். எல்லாப் படகையும் ஒன்றாகச் சேர்த்துப் பிடித்துக்கொள்ள வேண்டும்.

முதல் தடவை ஊதினான். ஆறு பதில்.

இரண்டாவது தடவை. ஆறு.

மூன்றாவது தடவை விசிலை வாயில் வைக்கப் போனான்... முன்னால் கேட்டது. நீளமாக. ஒன்று.

முதல் படகு ஊதுகிற விசில்.

அவன் நின்றிருக்க வேண்டும். பின்னால் ஆறு பேர் அவனை நம்பி வருகிறார்கள். கிளப்பில் புதிதாகச் சேர்ந்த பையனுக்குக்கூட அந்த விதி தெரியும். ஆனால் அவன் காதில் விழுந்தது ஒன்றுதான்: தனக்கு முன்னால் ஒருத்தன் போகிறான்.

துடுப்பை இழுத்துப் போட்டான். விசில் ஊதவில்லை. ஊதினால் முன்னால் போகிறவனுக்குத் தான் எங்கே இருக்கிறோம் என்று தெரிந்துவிடும். பின்னால் சஹானாவின் விசில் கேட்டது. பிறகு தூரத்தில் கேட்டது. பிறகு கேட்கவில்லை.

முன்னால் துடுப்புச் சத்தம். ஸ்ளப்... ஸ்ளப்... அவசரமே இல்லாமல். ஏலக்காய் வாசனை, நடுக்கடலில். அரை மணி நேரம் கழித்து பனியில் ஒரு முதுகு தெரிந்தது. உயரமான முதுகு. இடுப்புக்குக் கீழே மூட்டம்தான், படகு தெரியவில்லை. சாய் கிருஷ்ணாவின் படகில்தான் அனந்த் இருந்தானே.

அவன் எவ்வளவு வேகமாகப் போட்டாலும் இடைவெளி நான்கு படகு நீளம். குறையவில்லை, கூடவும் இல்லை. எப்போதோ முழங்காலில் ஏதோ முட்டியது. இரண்டு ஃபோம் கட்டையும் கழன்று மேலே வந்து கிடந்தன. கட்டை இல்லாமலே அவன் பாதம் பெடலில் ஊன்றியிருந்தது. அதை நினைக்க நேரமில்லை என்றான்.

மற்ற ஆறு பேரும் படகுகளைச் சேர்த்துப் பிடித்துக்கொண்டு பனிக்குள் இரண்டு மணி நேரம் அவனுக்காக விசில் ஊதிக்கொண்டிருந்தார்கள். பனி விலகியதும் கரைக்குத் திரும்பிப் போலீஸுக்குச் சொன்னார்கள்.

மத்தியானம் மூன்று மணிக்கு ஒரு மீன்பிடி ட்ராலர் அவனைக் கண்டது. கரையிலிருந்து நாற்பது கிலோமீட்டர் தள்ளி, தெற்கே. வெயில் அடிக்கிறது, பனி எப்போதோ போய்விட்டது. அவன் இன்னும் துடுப்புப் போட்டுக்கொண்டிருந்தான். கயிறு வீசினார்கள், பிடிக்கவில்லை. இரண்டு பேர் குதித்துப் படகைப் பிடித்து நிறுத்த வேண்டியிருந்தது. உள்ளங்கையில் தோலே இல்லை.

கிளப்பிலிருந்து அவனை நீக்கிவிட்டார்கள். சஹானா திட்டக்கூட இல்லை. ஒரே ஒரு மெசேஜ்: "ஆறு பேரை விட்டுட்டுப் போனீங்க."

படகு இப்போது அவன் ஃபிளாட் மாடிப்படியில் நிற்கிறது. போன மாதம் சாந்த்ராகாச்சியிலிருந்து ஒருத்தர் வாங்க வந்தார். நல்ல விலை சொன்னார். ஏறி உட்கார்ந்து பார்க்கட்டுமா என்று கேட்டாராம். அனந்த் அவரைத் தள்ளாத குறையாக வெளியே அனுப்பினான். அன்று ஜெயந்த் அங்கே இருந்தான்.

"அண்ணா, உனக்கு கிளப்பும் இல்லை, ஒண்ணும் இல்லை. அதை ஏன் கட்டிக்கிட்டு அழற? குடுத்துத் தொலை."

"குடுத்தா, வாங்கறவன்கிட்ட அவன் பேசுவான்."

"எவன்?"

அனந்தின் கையில் புதுத் தோல் இன்னும் இளஞ்சிவப்பாகவே இருந்தது. அதைச் சொறிந்துகொண்டே சொன்னான்.

"அன்னிக்கு ஒரு தடவை திரும்பினான்டா. அதே நாலு படகு தூரத்துல. நான் சிரிச்சேன். அவன் என்னைப் பார்க்கல. என் தலைக்கு மேல பார்த்து, எனக்குப் பின்னாடி யாரையோ 'வா'ன்னு கூப்பிட்டான்."

"பின்னாடி யாரு?"

"திரும்பினா அவன் தூரம் போயிடுவானே, எப்படித் திரும்பறது? போட்டோட வால் பக்கம் தண்ணியில அமுங்கிச்சு. யாரோ ஏறி உட்கார்ந்த மாதிரி. அப்புறம் ரெண்டு பேரும் பேச ஆரம்பிச்சாங்க. பழைய கதை, சிரிப்பு, கேலி... ட்ராலர் வர்ற வரைக்கும். எட்டு மணி நேரம், ஜெயந்த். என் தலைக்கு மேலேயே."

அனந்த் மாடிப்படியில் நிற்கிற படகைப் பார்த்தான்.

"என்கிட்ட ஒரு வார்த்தை பேசல."