வடிகட்டிய வரிகள்

மணி மதியம் மூன்று... ஆமாம், மதியம்தான். பேய் ராத்திரிதான் வரவேண்டும் என்று யார் சட்டம் போட்டது? விடுமுறை நாள். இரண்டு பக்கமும் தொழிற்கூடங்கள் வரிசையாக நிற்கும் நீண்ட சாலை. எல்லா கேட்டும் சாத்திக் கிடக்கிறது. ஒரு ஈ, காக்காய் இல்லை. வெயிலில் தார் இளகி, டயரில் ஒட்டி ஒட்டி விடுகிறது... சர்க்... சர்க்... அந்தச் சாலையில் ஒரே ஒரு கார் போகிறது.

ஓட்டிப் போவது என் நண்பனுடைய அக்கா. முன்னால் என்னோடு ஒரே அறையில் தங்கியிருந்தானே, அவனுடைய சொந்த அக்கா. அவன் சொல்லித்தான் எனக்கு இது தெரியும். "அரண்டவன் கண்ணுக்கு இருண்டதெல்லாம் பேய்" என்று இப்போதே ஆரம்பிக்காதீர்கள். அந்த அக்கா அரளும் நிலையிலேயே இல்லை. கணவர் போனதிலிருந்து அவளுக்கு எதுவுமே உறைக்கவில்லை. அழவில்லை, கத்தவில்லை. பசித்தால் சாப்பிடுவாள், மணியானால் வேலைக்குப் போவாள். அவளுக்கு மனசு மரத்துப் போயிருந்தது.

அக்காவும் அத்தானும் ஒரே இடத்தில் வேலை பார்த்தவர்கள். கட்டடம் முழுக்க கம்ப்யூட்டர் சர்வர்கள். அதுகளை மேய்ப்பதுதான் வேலை. வீட்டில் ஐந்து வயதுப் பெண் குழந்தை. யாராவது ஒருவர் கூட இருக்கவேண்டும் என்பதால் இவள் பகல் ஷிஃப்ட், அவர் ராத்திரி ஷிஃப்ட். புருஷன் பெண்டாட்டி முகம் பார்த்துப் பேசுவதே அபூர்வம்.

அதற்கு அவர்கள் ஒரு வழி வைத்திருந்தார்கள்... சர்வர் இருக்கிறதே, அது என்ன செய்தாலும் ஒரு வரி எழுதி வைக்கும். யார் உள்ளே வந்தார், எது நின்றது, எது ஓடுகிறது, எல்லாம். அதுதான் லாக். கண்மூடித் திறப்பதற்குள் திரை நிறைய வரி கொட்டும். மனுஷன் படித்து மாளாது. அதனால் கிரெப் என்று ஒரு கட்டளை உண்டு. ஒரு சொல்லைக் கொடுத்தால், அந்தச் சொல் இருக்கும் வரியை மட்டும் வடிகட்டிக் காட்டும். மற்றதெல்லாம் இருந்தும் இல்லாததுபோல.

இந்த லாக்கில் நாமும் ஒரு வரி எழுதிப் போடலாம். எழுதினால் வரியின் முன்னால் நம் பெயர் தானாக விழும். பெயருக்குப் பதில் வேறு சொல்லும் போட்டுக்கொள்ளலாம். இவர்கள் போட்ட சொல், 'வீடு'. யார் எழுதியது என்று பெயர் வராது. எதற்கு வரவேண்டும்? இருப்பது இரண்டே பேர். 'வீடு: பாப்பாவுக்குக் காய்ச்சல் விட்டுடுச்சு.' 'வீடு: கேஸ் தீரப் போகுது.' இவள் வந்து உட்கார்ந்ததும் 'வீடு' என்று வடிகட்டுவாள். அவர் எழுதியது மட்டும் வரும். ஊரெல்லாம் செல்போனில் கொஞ்சிக்கொண்டிருக்க, இவர்கள் இயந்திரத்தின் வயிற்றுக்குள் குடித்தனம் நடத்தினார்கள்.

ஒருநாள் காலையில், ராத்திரி ஷிஃப்ட் முடிந்து அவர் வரும்போது, அந்தச் சாலை வளைவில், லாரி... அவ்வளவுதான்.

கடைசி ஷிஃப்டில் அவர் எழுதிய வரியை அக்கா படிக்கவே இல்லை. படிக்கலாம், படிக்கலாம் என்று நாள் ஓடிவிட்டது. லாக் கோப்பு சாகாவரம் வாங்கியதில்லை. இடம் அடைக்கும் என்று பழையதை இயந்திரமே அழித்துவிடும். அந்த வாரத்துக் கோப்பின் முறை, அந்த விடுமுறை நாள் சாயங்காலம். அதற்குள் படித்தால் உண்டு. அதனால்தான் தம்பியை, அதாவது என் நண்பனை, வரச்சொல்லி, தூங்கும் பாப்பாவை அவனிடம் விட்டுவிட்டு, மதிய வெயிலில் கிளம்பிப் போனாள்.

கட்டடத்தில் யாரும் இல்லை. சர்வர் அறையின் குளிர். விசிறிகளின் ஒரே சீரான ஹூம்... சத்தம். அக்கா உட்கார்ந்து, பழைய கோப்பைத் திறந்து, வடிகட்டினாள். ஒரே ஒரு வரி வந்தது.

'வீடு: குழாய் ஒழுகுது. ஆள் கூப்பிட வேணாம், நான் வந்து பாத்துக்கறேன்.'

படித்தாள். ஒன்றும் தோன்றவில்லை. குழாயை எப்போதோ ஆள் வைத்து மாற்றியாகிவிட்டது. எழுந்து போகவும் தோன்றவில்லை. கை மட்டும் பழைய பழக்கத்தில் தானாக ஓடியது. இன்றைய லாக்கைத் திறந்து, புதிதாக விழும் வரியை உடனுக்குடன் காட்டச் சொல்லி, அதிலும் 'வீடு' மட்டும் போதும் என்று வடிகட்டியது. எழுத ஆளில்லை. காலித் திரை. அதையே பார்த்துக்கொண்டிருந்தாள்.

ஒரு வரி விழுந்தது.

'வீடு: பாப்பா எந்திரிச்சுட்டா.'

... யாரோ விளையாடுகிறார்கள் என்றுதான் நீங்கள் நினைப்பீர்கள். அவளும் அப்படித்தான் நினைத்தாள். ஆனால் இப்படி ஒரு சொல் இருப்பதே உலகத்தில் வேறு யாருக்கும் தெரியாது. அடுத்த வரி.

'வீடு: செருப்பு போட்டாச்சு.'

விசிறிச் சத்தம் அப்படியே இருக்கிறது. எங்கிருந்தோ ஒயர் பொசுங்கும் வாசனை.

'வீடு: கூட்டிட்டு வர்றேன்.'

அக்கா தம்பிக்குப் போன் போட்டாள். மணி அடித்து அடித்து, கடைசியில் தூக்கக் கலக்கத்தோடு எடுத்தான்.

"பாப்பா எங்கடா?"

"உள்ள தூங்குதுக்கா."

"போய்ப் பாரு."

போனான். படுக்கை காலி. வாசல் கதவு விரியத் திறந்து கிடந்தது. அந்தக் கதவின் தாழ்ப்பாள் அவன் தலைக்கு மேலே. தானே கையால் போட்ட தாழ்ப்பாள்... "அக்கா, பாப்பா இல்லக்கா!" என்று அலறினான். அவள் அதற்குள் காரில் இருந்தாள்.

வளைவுக்கு வந்தபோது தூரத்திலேயே தெரிந்தது. சாலையோரம், வெயிலில், பாப்பா நிற்கிறாள். வீட்டிலிருந்து அந்த இடத்துக்கு அந்தப் பிஞ்சுக் காலால் நடந்தால் ஒரு மணி நேரமாவது ஆகும். வரி விழுந்தோ பத்து நிமிடம்கூட இல்லை. செருப்பு போட்டிருந்தாள். ஒரு கை மட்டும் மேலே தூக்கியபடி இருந்தது. பெரியவர்கள் கையைப் பிடித்துக்கொண்டு நிற்கும் குழந்தைகளுக்குக் கை அப்படித்தான் இருக்கும்.

அக்கா ஓடிப்போய் அள்ளினாள். தூக்கிய கை உடனே இறங்கவில்லை.

"யாரோட வந்தே?"

"அப்பாதான் வா வான்னு கூட்டிட்டு வந்தாரு."

"எங்கே அப்பா?"

பாப்பா தன் பக்கத்தில் இருந்த வெற்று இடத்தைப் பார்த்தாள். அவ்வளவு நாளும் கல்லாகக் கிடந்தவளுக்கு அப்போதுதான் நெஞ்சு உடைந்தது. பயத்தில் இல்லை. சந்தோஷத்தில்... அதுதான் எனக்குத் தாங்கவில்லை. பாப்பாவை முன் சீட்டில் உட்காரவைத்தாள். பிறகு போய்ப் பின் கதவைத் திறந்து பிடித்துக்கொண்டாள்.

"வெயில்ல நிக்காதீங்க. ஏறுங்க, வீட்டுக்குப் போலாம்."

கொஞ்சம் பொறுத்து, கதவைச் சாத்தினாள். அதே பொசுங்கல் வாசனை கார் முழுக்க வந்தது. சர்வர் அறையில் கிடந்த மனுஷன், வாசனையும் கூட வரும் என்று நினைத்துக்கொண்டாள். வண்டியை எடுத்ததும் டிங்... டிங்... டிங்... என்று ஒரு சத்தம். பின் சீட்டில் ஆள் இருக்கிறது, பெல்ட் போடவில்லை என்று கார் சொல்கிறது. கண்ணாடியில் பார்த்தாள். யாரும் இல்லை.

"பெல்ட் போடுங்களேன்" என்றாள், பழைய செல்லக் கோபத்தோடு.

சத்தம் நின்றது.

வீட்டு வாசலில் பேயறைந்த மாதிரி நின்ற தம்பி பார்த்தது இதுதான். அக்கா பாப்பாவோடு உள்ளே வந்தாள். வந்தபிறகும் கதவைச் சாத்தாமல், இன்னும் ஒரு ஆள் நுழைகிற நேரத்துக்குத் திறந்தே பிடித்திருந்தாள். அன்றைக்கு ராத்திரி வாய்விட்டு அழுதாள், நடுவில் சிரித்தாள், வயிறு நிறையச் சாப்பிட்டாள். அக்கா நமக்குத் திரும்பக் கிடைத்துவிட்டாள் என்று இவனும் வாயை மூடிக்கொண்டான். நீங்களாக இருந்தாலும் அதைத்தான் செய்திருப்பீர்கள்.

மறுநாள் பாப்பாவுக்குப் பள்ளி. மதியத்தோடு விட்டுவிடும். "சாயங்காலம் வரைக்கும் நீ பாத்துக்கோடா. அதான் அவரும் இருக்காரே" என்று சொல்லிவிட்டு வேலைக்குப் போனாள். திரை நேற்று விட்டுவந்தபடியே ஓடிக்கொண்டிருந்தது. மூன்று வரிக்குக் கீழே புதிதாக ஒன்று.

'வீடு: வந்து சேந்தாச்சு.'

சிரித்துக்கொண்டாள். எந்த இயந்திரத்திலிருந்து எழுதுகிறார் என்று தெரிந்துகொள்ள ஆசை. அதற்கு முன்பின் வரிகளைப் பார்க்கவேண்டும். வடிகட்டியை எடுத்துவிட்டு, முழு லாக்கையும் திறந்தாள்.

'வீடு' வரிகளுக்கு நடுவில் வேறு வரிகள் இருந்தன. முன்னால் 'வீடு' இல்லை. அத்தானின் பெயர் இருந்தது. பெயரோடு எழுதியதால் வடிகட்டியில் ஒன்றுகூட அவள் கண்ணில் படவில்லை.

'பாப்பா எந்திரிச்சுட்டா'வுக்கு முன்னால், அவர் பெயரில்: தம்பியை எழுப்பு.

செருப்பு வரிக்கு முன்னால், அவர் பெயரில்: கதவு. கதவு. கதவு.

அவள் காரை எடுத்துக்கொண்டு போன நேரத்தில், அவர் பெயரில்: பின்கதவைத் திறக்காதே.

'வந்து சேந்தாச்சு'வுக்குப் பிறகு விடியும் வரை, இந்த நிமிடம் வரை, மூச்சு விடாமல் ஒரே வரிதான் திரும்பத் திரும்ப விழுந்துகொண்டிருந்தது. அவர் பெயரில்:

அது நான் இல்லை.