வில்ஃப் ஹெஸ்கெத்தோட மண்ணு

மார்ச் மாசம் மண்ணு சொதசொதன்னு இருக்கறப்ப கொத்தக் கூடாது. கொத்தினா களிமண்ணு கட்டிகட்டியா இறுகிப்போயி, அப்புறம் கோடை பூரா ஒண்ணும் வெளங்காது. என்னோட துண்டு நிலம் அப்படித்தான். மரத்து நிழல் வேற, தண்ணியும் தேங்கும். நடைபாதைக்கு அந்தப் பக்கம் வில்ஃபோடது. நல்ல வெயில். வருஷக்கணக்கா குதிரைச் சாணி போட்டுப் போட்டு வளத்த மண்ணு, கைய விட்டா புட்டு மாதிரி உதிரும்.

நீங்க இந்த வாடகைத் தோட்டத்துக் கமிட்டி செயலாளரு, நடந்ததைக் கேக்கறீங்க, அதனால சொல்றேன் கிளெனிஸ்.

இங்க யாராச்சும் நோவுல படுத்தா, வசந்தத்துக்குள்ள அக்கம்பக்கத்துக்காரங்க அவங்க துண்டையும் கொத்தி வைக்கறது வழக்கம். தரிசா கெடந்தா கமிட்டி எடுத்துக்கிட்டு, காத்திருக்கற ஆளுக்குக் குடுத்துடும்ல. வில்ஃப் நெஞ்சு ஆபரேஷனுக்குப் போனப்ப எல்லாரும் மண்வெட்டியோட கெளம்பிட்டாங்க. "நான்தான் பக்கத்துலயே இருக்கேனே, பாத்துக்கறேன்"னு சொன்னேன்.

"உன் நெலத்தையே நீ ஒழுங்கா கொத்த மாட்ட, நெவில். அவரோடதையுமா?"ன்னு இன்னொரு துண்டுக்காரன் பெர்சி சிரிச்சான்.

"மண்ணு காயட்டும்ப்பா"ன்னேன். அதுல பொய் ஒண்ணும் இல்ல.

ஞாயித்துக்கிழமை தவறாம ஆஸ்பத்திரிக்குப் போனேன். திராட்சை வாங்கிட்டுப் போவேன்.

"கொத்தியாச்சாப்பா?"

"பட்டு மாதிரி கெடக்கு, வில்ஃப். நீங்க வந்து நட வேண்டியதுதான் பாக்கி."

நோயாளிகிட்ட நல்லதுதானே சொல்லணும். நீங்க சுத்திப் பாக்க வந்தப்ப அங்க களை முட்டியளவு நின்னுச்சு. "இனி இந்தத் துண்டே வேணாம்னுட்டாரு அவரு"ன்னு நான் சொன்னேன், நீங்களும் நம்புனீங்க. துண்டு மாத்திக் கேட்டவங்கள்ல நான்தான் முதல் ஆளு. நீங்க அதை என் பேருக்கு மாத்தி, கேட்டு சாவி கையில வந்த அன்னைக்கே களையெடுத்துக் கொத்தி, சாலும் போட்டுட்டேன்.

அடுத்த வாரமே வில்ஃப் ஊன்றுகோலோட வந்துட்டாரு. கையில முட்டை வைக்கற அட்டை நெறைய, நடறதுக்குன்னு முளைவிட வச்ச உருளைக்கிழங்கு. ஆஸ்பத்திரியில இருந்தப்ப மக ஜன்னலோரம் வச்சுப் பாத்துக்கிட்டாளாம். கேட்டுலயே நின்னு பாத்தாரு. கண்ணு கலங்கிருச்சு.

"சொன்ன மாதிரியே செஞ்சு வச்சிருக்கியே. உன்னைப் போயி சோம்பேறின்னு எத்தன தடவ திட்டியிருக்கேன்."

அவரு குனியக் கூடாதுன்னு டாக்டர் சொன்னது எனக்குத் தெரியும். நான் பக்கத்துலதானே இருந்தேன் அப்ப. "நான் நடட்டுமா"ன்னு கேக்கலாம்னுதான் இருந்தேன். ஆனா அந்த மனுஷன் முகத்துல அவ்வளவு சந்தோஷம். நடட்டும்னு விட்டுட்டேன். சால் எல்லாம் முடிஞ்சு, மண்ணையும் அணைச்சதுக்கப்புறம்தான் சொன்னேன்.

"வில்ஃப், இது இப்ப என்னோடது."

கோவப்படல. கையில ஒட்டுன மண்ணைத் தட்டிவிட்டாரு. "அப்படியா"ன்னாரு. அப்படியே வரப்புல உக்காந்தாரு, சாஞ்சாரு. ஆம்புலன்ஸுக்கு ஏன் தாமதமா கூப்பிட்டேன்னு அவரு மக கேட்டா. மழை வர்ற மாதிரி இருந்துச்சு. கடைசிச் சால்ல மண்ணு சரியா மூடல, கெழங்கு வெளிய தெரிஞ்சுச்சு. அதை மூடிட்டுத்தான் போன் பண்ணேன்.

என்னை என்ன வேணா பண்ணுங்க. துண்டை மட்டும் பறிச்சுடாதீங்க, கிளெனிஸ். அவரு ஞாபகமா அதை ஒழுங்கா வச்சுக்க என்னை விட்டா வேற யாரு இருக்கா?