ஈரத்துணி பட்ட கம்ப்யூட்டர்

இல்ல தம்பி, அந்த மூச்சு மெஷினை அப்படியே கதவுகிட்ட வைங்க. என் மகன் போன்ல உங்ககிட்ட என்ன சொல்லியிருப்பான்னு எனக்குத் தெரியும். அம்மாவுக்கு மெஷின்னா ஆகாது, அவங்களால ஓட்ட முடியலன்னா சொல்லுங்க, அப்பாவை ஏதாவது முதியோர் இல்லத்துல சேர்த்துடலாம்னு. அதானே? நெளியாதீங்க, உக்காருங்க. இதை முடிச்சுட்டு உங்க மெஷினுக்கு வரேன்.

இதுவா? கம்ப்யூட்டரோட மதர்போர்டு. உங்க வயசைவிடப் பழசு. அவரு ஆசை ஆசையா வாங்கினது. நல்லாத்தான் ஓடிட்டிருந்துச்சு. ஒரு லீவுக்கு எங்க அம்மா வீட்டுக்குப் போயிட்டு வந்து பாத்தா ஒரே தூசி. ஈரத்துணிய எடுத்து பொட்டிக்கு மேலாக ஒரு துடை துடைச்சேன். மறுநாள் அவரு சுவிட்சைப் போட்டா, கம்முனு கிடக்கு. அவ்வளவுதான். வந்தவங்க போனவங்க எல்லார்கிட்டயும், இவ கை பட்டா எதுவும் உருப்படாதுன்னு சொல்லிட்டாரு.

அதுலருந்து மிக்ஸி கெட்டாலும் நான், ஃபேன் நின்னாலும் நான். கரன்ட் போனாக்கூட என் மூஞ்சியத்தான் பாப்பாங்க. தையல் மெஷினுக்கு ஒரு மோட்டார் வைக்க விடல தெரியுமா? இன்னைக்கும் கால்ல மிதிச்சுத்தான் தைக்கிறேன். பாதித் தெரு நான் தைச்சதைத்தான் போட்டுக்கிட்டுத் திரியுது.

அவரு படுக்கையில விழுந்த பிறகு இதை அலமாரி மேலருந்து இறக்கினேன். யாரைக் கேக்கணும்? போன்ல வீடியோ பாத்துப் பாத்துக் கத்துக்கிட்டேன். மீட்டரை வச்சுப் பாத்தா கரன்ட் ஒழுங்கா வருது. உள்ள இருக்கிற குட்டி ஃபேனும் சுத்துது. ஸ்பீக்கர்ல மட்டும் மூச்சு பேச்சு இல்ல. சரின்னு சொருகியிருந்த கார்டெல்லாம் கழட்டினேன், மெமரியையும் கழட்டினேன். மெமரி இல்லன்னா போர்டு பீப் பீப்னு கத்தணுமாம். குறை சொல்ல வாய் இருந்தா உயிர் இருக்குன்னு அர்த்தம். இது அதுக்கும் கத்தல.

அப்புறம் டார்ச் அடிச்சுப் பாத்தேன். கீபோர்டு சொருகுற இடத்துக்குப் பக்கத்துல, பாருங்க, பச்சையா. பேட்டரி ஒழுகின கறை. நேரத்தை ஞாபகம் வச்சுக்க உள்ள ஒரு குட்டி பேட்டரி இருக்கும். பழசாச்சுன்னா அதுவே ஒழுகி, செம்புக் கோடெல்லாம் அரிச்சுத் தின்னுடும். என் துணி பட்டது வெளியில, தகரத்துமேல. இது உள்ளுக்குள்ள நடந்தது. புரியுதா?

வினிகர் தொட்டுத் துடைச்சு, ஸ்பிரிட் வச்சுக் கழுவினேன். அறுந்த கோட்டுக்கெல்லாம் முடி கணக்கா கம்பி வச்சு ஈயம் பத்த வச்சேன். கிழிசலுக்கு இழை ஓட்டுற மாதிரிதான். இந்தக் கடைசிக் கம்பிதான் பாக்கி. சும்மாதானே இருக்கீங்க, இந்த டார்ச்சைப் பிடிங்க. இன்னும் கொஞ்சம் கிட்ட.

அப்படித்தான், அசையாமப் பிடிங்க தம்பி. 

ம், ஒட்டிருச்சு. இப்ப சுவிட்சைப் போடுங்க. வேணாம், வேணாம், நானே போடுறேன்.

கேட்டுச்சா? பீப், பீப்னு. மெமரி எங்கன்னு கேட்டுக் கத்துது. கத்தட்டும், நல்லாக் கத்தட்டும்.

என்ன கேட்டீங்க? அந்த பேட்டரி எங்கயா? அது இல்ல. இதோ அதோட கால் மட்டும் ரெண்டு குச்சியா நீட்டிக்கிட்டு நிக்குது பாருங்க, குறடு வச்சு வெட்டி எடுத்திருக்கு. நான் வெட்டல. நான் திறக்கும்போதே இப்படித்தான் இருந்துச்சு. இந்த வீட்ல அன்னைக்கு ஸ்க்ரூடிரைவர் பிடிச்ச ஆள் ஒருத்தர்தான். திறந்திருக்காரு. ஒழுகினதைப் பாத்திருக்காரு. வெட்டித் தூர எறிஞ்சுட்டு, பொட்டிய மூடி மேல ஏத்தி வச்சுட்டு, நான் போட்ட சோத்தைச் சாப்பிட வந்து உக்காந்திருக்காரு. இத்தனை வருஷத்துல எங்கிட்ட ஒரு வார்த்தை சொல்லல.

நான் ஏன் அழணும்? மகன்கிட்ட சொல்லிடுங்க, அவரு எங்கயும் போகல. இனிமே அவரு மூச்சு இந்தக் கையாலதான் ஓடும். மெஷினைத் தூக்கிட்டு உள்ள வாங்க, எந்த சுவிட்ச் முதல்லன்னு சொல்லிக் குடுங்க.

எதுக்குக் குரலை இறக்குறீங்க? சத்தமாவே பேசுங்க. நான்தான் அவரு ரூம் கதவைத் திறந்து வச்சிருக்கேன். அவருக்கு வாய்தான் போச்சு தம்பி, காது நல்லாக் கேக்கும்.